ஏழாவது பாட்டைப் பாடினது யாரு

கம்பைநல்லூர்
11.2.2024

அன்புள்ள சவுரிக்கு,

நஞ்சப்பன் எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். ஓசூர்ல நீயும் சகாயமேரியும் சுகமாத்தான் இருப்பீங்க, உங்களுக்கென்ன குறை.

போன் இருக்கிறப்ப எதுக்கு லெட்டர்னு பார்க்காத. வாட்ஸ்அப்ல எழுதினா அழிச்சிருவ. நேர்ல பேசினா "நான் எப்படா அப்படிச் சொன்னேன்"ம்ப. காகிதத்துல எழுதினதை மாத்த முடியாது பாரு. பதிலையும் காகிதத்துலயே போடு, கீழ கையெழுத்தோட.

போன வாரம் பெங்களூர்ல இருந்து பிரியதர்ஷினின்னு ஒரு பொண்ணு என் உரக்கடைக்கு வந்துச்சு. "'கரன்ட் போச்சு' குழுவுல பாடின நஞ்சப்பன் சார் நீங்கதானே?"ன்னு கேட்டுச்சு. யூரியா வாங்க வந்தவனெல்லாம் என்னையே பார்க்கிறான். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு நம்ம குழு பேரை இன்னொருத்தர் வாயால கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சுடா, பொய் சொல்லல. சந்தை சந்தையா அலைஞ்சு நம்ம கேசட் ஒன்பது தேடிப் பிடிச்சிருக்கு. கேசட்டுக்கு ஒரே ஒரு பாட்டுன்னு நாம போட்ட ஒன்பது பாட்டையும் சேர்த்து ஒரு இசைத்தட்டா வெளியிடப் போகுதாம். நீ ஏற்கெனவே சம்மதக் கையெழுத்துப் போட்டுட்டியாமே? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

அது போகட்டும். ஏழாவது பாட்டு "மொரப்பூர்ல ரெண்டு நிமிஷம்". ரயில் நிக்கிற ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஆரம்பிச்சு முடியுமே, அது. அந்தப் பொண்ணு போட்டுக் காட்டுச்சு. காசியோ கீபோர்டு வாசிக்கிறது நீ. காலால எண்ணெய் டின்னைத் தட்டுறதும் நீ. பாடுறது நான் இல்ல.

என் தொண்டை எனக்குத் தெரியாதா? ஒரு கேசட்டுல இருந்து இன்னொண்ணுக்கு ஏத்துற மெஷின் நம்மகிட்ட ஏது? பத்துப் பேர் கேட்டா கிணத்து மோட்டார் ரூம்ல உக்காந்து பத்துத் தடவை முதல்ல இருந்து பாடித்தானே பத்து கேசட் குடுத்தோம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஆனா எல்லாத்துலயும் நான்தான் இருப்பேன். இதுல எவனோ மீசை முளைக்காத பய பாடுறான். உறையில உன் கையெழுத்துல "பாடியவர்: நஞ்சப்பன், ஏப்ரல் 2002"ன்னு போட்டிருக்கு. அந்த ஏப்ரல்ல நான் மஞ்சக்காமாலையில கீழாநெல்லியும் உப்பில்லாச் சோறுமாக் கிடந்தேன்.

யாருடா அவன்? நான் செத்துருவேன்னு முடிவு பண்ணி ஆள் புடிச்சுட்டியா? பதில் வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
பெ. நஞ்சப்பன்

ஓசூர்
19.2.2024

அன்புள்ள நஞ்சப்பனுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. சகாயமேரி படிச்சுட்டு, "இந்த மனுஷன் இன்னும் மாறவே இல்லையா?"ன்னு சிரிச்சா. சர்க்கரை எப்படி இருக்கு? மாத்திரையை ஒழுங்காப் போடு.

நான் கையெழுத்துப் போட்டது என் பங்குக்கு மட்டும்தான். உன்கிட்டயும் கேக்கணும்னு சொல்லி, உன் கடைக்கு வழி சொன்னதே நான்தான்.

ஏழாவது பாட்டை எடுத்துடச் சொல்லிப் பிரியதர்ஷினிகிட்டப் பேசிட்டேன். மத்த எட்டுப் பாட்டும் உன் குரல். உன் குரல் நல்லாவும் இருக்கு, அதைக் கேட்டு சந்தோஷப்படு. இருபது வருஷத்துக்கு முந்தினதை இப்ப எதுக்குக் கிளறணும்? விடுடா.

அன்புடன்,
சவுரியப்பன்

கம்பைநல்லூர்
24.2.2024

சவுரிக்கு,

விடுறதா? நல்லா இருக்குடா நியாயம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. நீ என் சர்க்கரையைப் பத்தி எழுதுற. பேரைச் சொல்லாம பாட்டையே எடுக்கச் சொல்றன்னா அதுல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? நான் பிரியதர்ஷினிக்குப் போன் போட்டேன். "அந்த ஒரு பாட்டுக்காகத்தான் சார் இந்தத் தட்டே போடுறேன்"னு அது சொல்லுது. நான் பாடின எட்டும் அதுக்குத் துணைக்குத்தான் போல. கேட்டதுல இருந்து சோறு இறங்கல எனக்கு.

எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்துட்டேன். சேலத்து ஆர்க்கெஸ்ட்ராக்காரன் ஒருத்தன் உன் வூட்டுக்கு வந்து போனானே, அவனா? உங்க கோயில்ல பாடுற பயலா? நான் எந்திரிச்சு நடமாடின கொஞ்ச நாள்லயே நீ என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதை நிறுத்திட்ட. ஆவணி முடியிறதுக்குள்ள காசியோவைத் துணியில சுத்தி வச்சுட்டு ஓசூர் போயிட்ட. குற்றம் இருந்ததனாலதானே போன? எங்கிட்ட மறைச்சுட்டு இன்னைக்கு வரைக்கும் பொங்கலுக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொல்ற பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல.

பேரை எழுது. இல்லன்னா இதுதான் உனக்கு நான் போடுற கடைசி லெட்டர்.

நஞ்சப்பன்

ஓசூர்
3.3.2024

நஞ்சப்பா,

மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்ததை இன்னைக்கு மீறுறேன். என்னை மன்னிக்கட்டும்.

பாடினது உன் தங்கச்சி மணிமேகலை.

நீ காமாலையில படுத்திருந்தப்ப உன்னைப் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கா? மொரப்பூர்ல மூணு பேருக்குச் சொன்ன தேதிக்குக் கேசட் குடுக்க முடியலையேன்னு நீ கண்ணுல தண்ணி விட்ட. "நம்மளை எவன்டா மதிப்பான்?"ன்ன. அவ உனக்கு மோர் கொண்டாந்தவ, கேட்டுட்டா. நான் கிளம்பினப்ப வாசல்வரைக்கும் வந்து, "நான் பாடித் தர்றேன்ணா. எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும். அண்ணன் பேரையே எழுதிருங்க, அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்"னா.

இப்ப உன் புத்தி எங்க போகும்னு எனக்குத் தெரியும். அப்படி ஒண்ணும் கிடையாது. எங்கம்மா பக்கத்துலயே உக்காந்து நிலக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரே மதியம், மூணு தடவை பாடினா, மூணு கேசட். ஆம்பளைக் குரலா இருக்கணும்னு அடித்தொண்டையில பாடினா. முடிச்சுட்டு, "அண்ணன் மாதிரியே இருந்துச்சாண்ணா?"ன்னு கேட்டா.

வைகாசியில அவ துணி துவைக்கிறப்ப அந்தப் பாட்டை முணுமுணுத்தாள்னு அறைஞ்சியே. "முழுப்பாட்டும் உனக்கு எப்படிடி தெரியும், மோட்டார் ரூம் பக்கம் சுத்துறியா?"ன்னு. உங்கப்பாகிட்டயும் போய்ச் சொன்ன. தருமபுரி காலேஜுக்கு ஃபாரம் வாங்கி வச்சிருந்த புள்ளைய ஆவணியில ஏரியூருக்குக் கட்டிக் குடுத்தீங்க. நிஜத்தைச் சொல்லிடவான்னு அவகிட்டக் கேட்டேன். அப்பத்தான் சத்தியம் வாங்கினா. "சொன்னா அண்ணன் உங்களையும் விட்டுரும்"னா.

நான் ஓசூர் வந்தது அதனாலதான். உன் பக்கத்துல உக்காந்து வாசிக்க எனக்குக் கை வரல. உன் மேல கோவம், வாயைத் திறக்காத என் மேலயும் கோவம். நீ கேட்ட குற்றம் இதுதான்.

சவுரி

கம்பைநல்லூர்
17.3.2024

அன்புள்ள சவுரிக்கு,

உன் லெட்டரை நாலு நாள் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு சுத்தினேன். முதல்ல நீ கதை கட்டுறேன்னுதான் நெனச்சேன். அப்புறம் பிரியதர்ஷினி அனுப்பின பாட்டைப் போன்ல திரும்பத் திரும்பக் கேட்டேன். எவனோ பயலோட குரல்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் பாரு. ஒரு பொண்ணா இருக்கும்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணல.

வெள்ளிக்கிழமை ஏரியூர் போனேன். மணி கொட்டை எடுக்கப் புளி தட்டிக்கிட்டு இருந்தா. காபி போட்டுக் குடுத்தா. மாப்பிள்ளை காட்டுக்குப் போயிருந்தாரு. நான் போன்ல பாட்டைப் போட்டேன்.

அவ கை நின்னுருச்சு. பாட்டு முடியிற வரைக்கும் தலையைத் தூக்கல. அப்புறம் சிரிச்சா. "உன் பாட்டாண்ணா? நல்லாப் பாடியிருக்க"ன்னா.

"இது நான் இல்ல மணி. நான் அப்பக் காமாலையில படுத்திருந்தேன்"னேன்.

"இல்லண்ணா, நீதான். உனக்கு அப்பக் குரல் இப்படித்தான் இருந்துச்சு. எனக்கென்ன தெரியும், நான் அந்த ரூம் பக்கமே வந்ததில்லையே"ன்னா.

நாப்பது வயசுடா அவளுக்கு. பொண்ணு காலேஜ் போகுது. நான் எந்திரிச்சா அடிப்பேனோன்னு பார்க்கிற மாதிரி என் கையையே பார்த்தா. நான் பாவி சவுரி.

"உன்னை அறைஞ்சது என் தப்பு, உன் படிப்பைக் கெடுத்ததும் நான்தான், மன்னிச்சுரு சாமி"ன்னு சொன்னேன். "அதெல்லாம் எதுக்குண்ணா இப்ப? மூணு மணி பஸ் போயிரும், கிளம்பு"ன்னா. அடுத்த பஸ் நாலரைக்கு இருக்குன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கிளம்பிட்டேன்.

உன் மேல கோவம் இல்லைன்னு எழுத மாட்டேன். அன்னைக்கே வந்து என் சட்டையைப் புடிச்சுக் கேட்டிருக்கலாம் நீ. ஆனா நான் கேட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல.

சம்மதக் காகிதம் இதோட வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டுட்டேன். ஏழாவது பாட்டை எடுக்க வேண்டாம்னு பிரியதர்ஷினிகிட்டச் சொல்லு. அவ பேரைப் போடணும்னு எனக்கு ஆசைதான். அவ சொல்லாம போட்டா, அதுவும் நான் அவளைக் கேக்காமச் செஞ்சதா ஆயிரும். மணி வேண்டாம்னு சொன்னா பாட்டையும் எடுத்துடச் சொல்லு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தட்டு அச்சுக்குப் போக ஆனி ஆகுமாமே. அது வரைக்கும் பாடியவர்ங்கிற இடத்தை வெறுமனே விட்டு வைக்கச் சொல்லு. என் பேரு மட்டும் அங்க வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஏரியூர் போறேன். பாட்டைப் போட மாட்டேன், கேள்வியும் கேக்க மாட்டேன். உக்காந்து புளி தட்டிக் குடுத்துட்டு, அவ போகச் சொல்ற பஸ்ஸுக்கே வந்துருவேன்.

உன்,
நஞ்சப்பன்