மணி அடித்த இடத்தில்

அன்புப் பிள்ளைக்கு,

நேற்றுக் கல்லூரியில் அப்பாவின் நினைவுப் பேருரை நடந்தது. இம்முறை பேசியவன் குகதாசன். எங்கள் விறாந்தையில் அப்பாவிடம் பௌதிகம் படித்தவன், இப்போது இங்கே எங்கள் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியர். தலை பாதி நரைத்துவிட்டது.

வழக்கம் மாறவில்லை. பாடவேளை மணி அடித்ததும் பேச்சாளர் நிறுத்திவிட வேண்டும், பாதி வசனமென்றாலும். அப்பா வகுப்பில் அப்படித்தானே? மணி கேட்டால் கரும்பலகையடியில் சோக்கை வைத்துவிட்டு வெளியேறுவார். மறுநாள் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். வீட்டிலும் அப்படித்தான். நீ கோபித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனாலும், அடுத்த நாள் கதை அதே சொல்லிலிருந்து தொடங்கும். இடையில் நடந்த சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

குகதாசன், "சேர் எங்களுக்குக் கடைசியாச் சொன்னது..." என்று தொடங்கவும் மணி அடித்தது. நிறுத்திவிட்டான். மண்டபமே சிரித்தது.

பிறகு தேநீர் குடிக்கும்போது, "என்ன தம்பி சொல்ல வந்தனீர்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் என்னையே கூப்பிடுங்கோ அன்ரி, அந்தச் சொல்லிலையிருந்து தொடங்கிறன்" என்றான்.

அப்பா இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

வருசப்பிறப்பன்று நீ போனில், "அம்மா, எனக்கு இனி அவரோடை..." என்றாய். உடனே வைத்துவிட்டாய். பிறகு நீ எனக்குப் போன் எடுக்கவேயில்லை. ஏன் என்று நான் கேட்கமாட்டேன். மருமகனைச் சுகம் விசாரித்தும் இம்முறை எழுதவில்லை.

எடுக்கும்போது அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கு.

போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
அம்மா