மொட்டை மாடித் தார்

என் பிரியமான உங்களுக்கு,

நீங்கள் இருந்த வரைக்கும் 'என்னங்க' என்று மட்டும்தான் கூப்பிட்டேன். போன பிறகும் அதுதான் வாயில் வருகிறது. என்னங்க, நம் மொட்டை மாடித் தார் உருகிச் சுவரெல்லாம் வழிகிறது.

மழைக்கு ஒழுகாமல் இருக்கட்டும் என்று தை மாதம் அந்தத் தாரைப் போட்டோம். மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். சித்திரை வெயில் அடித்ததும் வாசல் சுவரில் கறுப்பாக இறங்க ஆரம்பித்தது. ஆவணியில் நம் மகள் அபிநயாவுக்குக் கல்யாணம். பேசி முடிக்க வந்த சம்பந்தியம்மா, புதுப் பட்டுச் சேலையோடு அந்தச் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். அட கண்றாவியே! எனக்கு உயிரே போய்விட்டது.

தார் போட்டது யார்? என் தம்பி முருகேசன். வளைகுடாவில் மாடிகளுக்குத் தார் பூசுகிற வேலைதானே பார்த்தான்? அதே வாரம் வல்லத்திராக்கோட்டையில் தன் வீட்டு மாடிக்கும் போட்டுக்கொண்டான். அவன் இல்லாத நேரமாகப் போய் ஏறிப் பார்த்தேன். அங்கே ஒரு சொட்டுக்கூட உருகவில்லை. நல்லதைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு, கழிசடையை நம் தலையில் கட்டிவிட்டான் என்று தோன்றுமா தோன்றாதா?

நீங்களாக இருந்தால் மட்டும் விட்டிருப்பீர்களா? குத்தூசியை மூட்டைக்குள் விட்டு உருவிப் பார்க்காமல், பெற்ற தகப்பனிடம்கூட நெல் வாங்காத வியாபாரி நீங்கள். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் குத்தூசியையும் காணோம். கடையில் மூட்டை தூக்குகிறவர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நம் அபிநயா சிவில் படித்தவள் ஆயிற்றே. இரண்டு மாடியிலும் சுரண்டி எடுத்துப் போய், வேலை பார்க்கிற லேப்பில் சோதித்துவிட்டு வந்தாள்.

"அம்மா, ரெண்டுமே பிட்டுமென்தான். கச்சா எண்ணெயில பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்தது போக அடியில தங்குறது. அதுல எண்ணெய்ப் பசை இருக்கும், பிசின் இருக்கும், அஸ்பால்டீன்னு கெட்டியான பொருள் இருக்கும். ரோட்டுக்குப் போடுறதுல எண்ணெய்ப் பசை கூட. மாடிக்குன்னா, சூடா இருக்கையிலேயே காத்தை ஊதி அஸ்பால்டீனைக் கூட்டிருவாங்க. அது வெயிலுக்கு அசையாது. வகை பிரிக்க நாங்க ஊசியை எறக்கிப் பாப்போம். ரொம்ப எறங்குனா எளகுன சரக்கு. நம்ம மாடியில கெடக்கிறது ரோட்டுத் தாரும்மா."

"பாத்தியா! நான் சொன்னேன்ல!"

தாய்மாமன் இல்லாமலே கல்யாணம் நடக்கட்டும் என்று முடிவு கட்டினேன். மாலை எடுத்துக் கொடுக்கச் சித்தப்பா மகனைக் கேட்டும் வைத்தேன். அப்புறம் மனசு ஆறாமல், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட முருகேசன் வீட்டுக்குப் போனேன்.

"ஏண்டா, அக்கா வீட்டுலயா ஒன் கைவரிசையக் காட்டுவ?"

அவன் என்னைக் கொல்லைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். மாடிக்குப் போட்டது போக மிச்சமான தார்க்கட்டி ஒன்று கிடந்தது. அதில் குத்தி நின்றது உங்கள் குத்தூசி. முனை மட்டும் இறங்கி, வளைந்து போயிருந்தது.

"ஒங்க மாடிக்குன்னு நான் கொண்டாந்தது இதுதான். மச்சான் குத்திப் பாத்தாரு. எறங்கல, ஊசிதான் வளஞ்சு மாட்டிக்கிருச்சு. 'பழைய சரக்கு, கல்லாப் போச்சு, என்னையவே ஏமாத்தப் பாக்குறியா மாப்ள'ன்னாரு. நீயே வச்சுக்கன்னுட்டு, அவரே போயி ரோட்டு வேலைத் தார் கொண்டாந்தாரு. அதுல வேற ஊசி விட்டாரு, வழுக்கிக்கிட்டு எறங்குச்சு. நல்ல சரக்குன்னுட்டாரு. நான் எம்புட்டோ சொன்னேன், கேட்டாத்தானே!"

"இத ஏண்டா இத்தன நாளாச் சொல்லல?"

"செத்துப் போன மனுசன் மேல பழி போடச் சொல்றியாக்கா?"

அப்போதும் என் புத்தி விடவில்லை. இவனே ஊசியைத் தூக்கி வந்து குத்தி வைத்திருப்பானோ? பிடித்து இழுத்தேன். வரவில்லை. பிடியில் நான் சுற்றித் தந்த சேலைக் கிழிசல் அப்படியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மூட்டை தூக்குகிறவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நாளைக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் முருகேசனை முறையாக அழைக்கப் போகிறேன். மாலை அவன்தான் எடுத்துக் கொடுப்பான். மாடியைச் சுரண்டிவிட்டு அவன் சொல்கிற தாரைத்தான் போடப் போகிறோம். பக்கத்தில் நின்று குத்திப் பார்க்க மாட்டேன், சத்தியமாக. குத்தூசியைப் பிடுங்கித் தருகிறேன் என்றான். அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மனைவி,
முருகேசனின் அக்கா,
வசந்தா