என் புளூட்டை நானே ஏலத்தில் எடுத்த ஆகஸ்ட்

2006 ஆகஸ்ட் 6, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. கதிரைகளில் விரித்து ஹீட்டர் முன்னால் வைத்தாயிற்று.

என் கணவர் சிவா விடியலிலிருந்து கம்ப்யூட்டரில். இங்கிலாந்து ஏலம் ஒன்று இங்கே மெல்பேர்னில் காலையில் முடிகிறதாம். யானைத் தந்தத்தில் கடைந்த புல்லாங்குழல், இருநூறு வருடப் பழசு, துளையை மூட வெள்ளிச் சாவி ஒன்று. தேநீர் கொண்டுபோனேன். "கிடைச்சிட்டுது" என்றார். என்னிடம் அல்ல, திரையிடம்.

இது நான்காவது. மற்ற மூன்றும் கண்ணாடி அலுமாரிக்குள். இவருக்கு ஒரு ஸ்வரம் ஊதத் தெரியாது. ஊதவும் கூடாதாம், மூச்சின் ஈரம் பட்டால் தந்தம் வெடிக்கும். நான் கிட்டப் போனாலே "கவனம்".

வாங்க: பால், பருப்பு, சிட்னியில் படிக்கும் மகளுக்கு மிளகாய்த்தூள்.

ஆகஸ்ட் 9, புதன்

வேலையிடம் இருக்கும் கிளேட்டனில் காற்று, குடை மடங்கிவிட்டது. மதிய இடைவேளையில், என்னோடு லாப்பில் வேலை செய்யும் ரேவதிக்குத் தந்தக் குழல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. ஏலத் தளத்தில் சிவாவின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இவர் விற்பவையும் அதே பக்கத்தில் இருக்கும்.

முதலாவதாக என் புளூட்.

எங்கள் சாப்பாட்டு மேசை, என் நீல விரிப்பு, அதன் மேல் திறந்த பெட்டி. அடிமூட்டில், குழலின் கடைசித் துண்டில், அந்தச் சின்ன நெளிவு. மெல்பேர்ன் வந்த புதிதில் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய உலோகக் குழல். படத்தின் கீழே: "சொந்தக்காரர் இப்போது வாசிப்பதில்லை."

"அக்கா, இது உங்களோடதா?"

"ஓம்."

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

வாசிப்பதில்லைதான். அது மகளின் பள்ளிக் கடைசிப் பரீட்சை வருடம், வீட்டில் சத்தம் வேண்டாம், ஒரு வருடம் நிறுத்தும் என்றார். வட்டார இசைக்குழுவில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. யார் நிறுத்தச் சொன்னது என்பது படத்தின் கீழே இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன்.

"என்ர புளூட் எங்க?"

"சர்வீசுக்குக் குடுத்தனான். உள்ளுக்கை எல்லாம் பழசாப் போச்சு. ஏன், வாசிக்கப் போறீரோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

தோடம்பழம் உரித்துக்கொண்டே சொன்னார். இத்தனை வருடத்தில், பொய் சொல்லும்போது இவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். மாறவில்லை. வழமையான முகம்தான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். கடைக்கு என்று சொல்லிவிட்டு ரேவதி வீட்டுக்கு. அவள் கணவர் பெயரில் ஏலக் கணக்கு இருக்கிறது. சிவாவுக்கு அவரைத் தெரியாது.

"எதுக்குக்கா இதெல்லாம்? நேரா கேட்டுச் சண்டை போட்டுடலாமே."

"கேட்டா, வேறொண்டு வாங்கித் தாறன் எண்டுவார்."

பிரிஸ்பேனில் யாரோ ஒருவர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே வந்தார். அவர் மேல் கோபமே வரவில்லை. அவருக்காவது அது தேவைப்பட்டது. கடைசியில் விட்டுவிட்டார். என் சேமிப்பிலிருந்து கட்டினேன்.

வீட்டுக்கு வந்தால், சிவா மீன் பொரித்து வைத்திருக்கிறார். நல்ல சந்தோசம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கடையிலிருந்து ஒன்றும் வாங்காமல் வந்ததை அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

தலையிடி. ரேவதி பார்சலை லாப்புக்குக் கொண்டுவந்தாள். எத்தனை கவனம்! சுற்றிச் சுற்றி டேப். உள்ளே சிவா கையால் எழுதிய துண்டு: "அருமையான வாத்தியம். பத்திரமாக வைத்திருங்கள்."

இடைவெளிகளில் கசக்கி அடைத்திருந்த காகிதம் என் இசைத்தாள்கள். மூச்சு எடுக்கும் இடங்களில் நான் பென்சிலால் போட்ட குறிகள் தெரிந்தன. புளூட்டைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. ரேவதி கதவைச் சாத்தினாள்.

மாலை அவர் வருவதற்குள் தாள்களை இஸ்திரி போட்டேன். ஒன்று கருகியது.

ஆகஸ்ட் 19, சனி

ஹோலில் நின்று வாசித்தேன். உதடு மறந்துவிட்டது. முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு ஒலி, தட்டையாக.

சிவா குசினியிலிருந்து, சமையல் கரண்டியோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார், அடிமூட்டைப் பார்த்தார்.

"நீரா வாங்கினது?"

"ஓம்."

யோசித்தார். காத்திருந்தேன். என்ன சொன்னாலும் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்ப எங்கட காசுதானே சுத்தி வந்திருக்கு. ஏலக் கொமிசன்தான் வீணாப் போச்சு."

குசினிக்குத் திரும்பிப் போனார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இசைக்குழுவுக்கு போன் செய்தேன். இரண்டாம் புளூட் இடம் காலியாம். அடுத்த மாதம் வந்து வாசித்துக் காட்ட வேண்டும். சரி என்றேன்.

மகள் போனில்: "குட் அம்மா. டாட்கிட்ட கேட்காதீங்க, ஜஸ்ட் கோ."

சிவாவோடு பேச்சு: குப்பைத் தொட்டி, கரண்ட் பில், அவ்வளவே.

ஆகஸ்ட் 26, சனி

தந்தக் குழல் வந்துவிட்டது. தந்தத்துக்கான அனுமதிப் பத்திரம் எல்லாம் சரியாம். மகளின் அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஹோலில் பெட்டி உடைக்கும் சத்தம். பிறகு என் பெயர். திரும்பவும் என் பெயர்.

அறை வாசலுக்கு வந்தார், குழலை இரண்டு கையிலும் ஏந்தியபடி. அழகாகத்தான் இருந்தது, இளமஞ்சளாக. காட்டுவதற்கு இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

"கொஞ்சம் நிப்பாட்டும். இதைப் பாரும்."

"இந்தப் பாட்டு முடியட்டும்."

நின்றார். பாட்டில் இன்னும் ஆறு பக்கம் இருந்தது. ஆறையும் வாசித்தேன்.