உன் அப்பா டாக்டர்களை நடக்க விட்டுப் பார்த்த கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருத்தரை ஒருத்தர் அதிகம் கடித்துக்கொள்ளாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், கை தன்னால் அங்கே போனது, பிடித்து நிறுத்தினேன். உன் அப்பா சௌக்கியம். பால்கனிச் செடிகள் சௌக்கியம். மேல்வீட்டு நாய்கூட சௌக்கியம், விடிந்ததும் அதன் குரலிலேயே தெரிகிறது. என் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் உன் அப்பா கதவைச் சாத்துகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விடுவார், விஷயம் அந்தரத்தில் நிற்கும், அதனால்தான் கடிதம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன் அல்லவா, நீகூட வெயிட்டைக் குறை என்று எனக்கு அரை மணி நேரம் உபதேசம் செய்தாய், அது வெயிட் இல்லையாம், இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடவில்லையாம். நம் பாத்ரூம் குழாயை நினைத்துக்கொள். ஆபரேஷன் செய்துதான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதக் கடைசியில் நாள் குறித்தாகிவிட்டது. இந்த இடத்தில் நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் குடி. குடித்தாயா? இனிமேல் படித்தால் சிரிப்பு வரும், எனக்கே வந்தது.

உன் அப்பாவின் பெரிய ரேஸ் உனக்குத் தெரியாததா. வருடத்துக்கு ஒரு தடவை வரும், குதிரைகள் கிளம்பி ஓடி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்காது, அவ்வளவுதான் அதன் ஆயுள். அதற்கு உன் அப்பா எடுத்துக்கொள்ளும் நேரம் மூன்று வாரம், மனம் திருப்திப்படாவிட்டால் ஒரு மாதம். எந்தக் குதிரைக்கு ஈரத் தரை ஒத்துக்கொள்ளும், எது முன்னால் பாய்ந்து கடைசியில் காற்றுப் போன பலூனாகும், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற எந்த ஜாக்கிக்கும் பழக்குகிற எந்த ட்ரெயினருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதன் தாய்க் குதிரை எவ்வளவு தூரம் தாங்கியது என்று ஒன்றையும் விடமாட்டார். கச்சேரி நடக்கும் இடம் தெருக்கோடி சலூன். சலூன்காரர், உன் அப்பா, பிறகு அந்த ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், பேசிக்கொண்டே வந்து நடு வாக்கியத்தில் சட்டென்று நின்றுவிடுவதால் எல்லோரும் பிரேக் என்று கூப்பிடுகிறார்களே அவர்தான், இந்த மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டால் முடிவெட்ட வந்தவர் பாதித் தலையோடு காத்திருக்க வேண்டியதுதான். போன வருடம் ஒருத்தர் பொறுக்க முடியாமல் ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு இன்டர்வியூவுக்கு ஓடினாராம், புது ஃபேஷன் என்று நினைத்து வேலையும் கொடுத்துவிட்டார்களாம், அதைச் சலூன்காரர் தன் சாதனைக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்படி ஆராய்ச்சி செய்கிற மனிதர் இந்த வீட்டை வாங்கும்போது உள்ளே வந்து ஒரு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, காத்து வருது, போதும் என்றார், குழாயைத் திறந்து பார்க்கவே இல்லை, பலனை நாம் இன்றுவரை துடைத்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் என்னோடு பேசியதும் ஒரு காபி ஆறுவதற்குள்தான். குதிரைக்கு மூணு வாரம், எனக்கு ஒரு காபியா என்று நான் கேட்காத வருடம் இல்லை. உன்னைப் பத்தி விசாரிக்கணும்னே தோணல, பார்த்ததும் தெரிஞ்சுது என்பார். என்ன தெரிந்தது என்று கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஸ்கேன் எடுத்த மறுநாள் காலையில் ரேஸ் புத்தகம் வந்தது, பிரிக்காமலேயே அதைச் சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு சலூனுக்குப் போனார். அங்கே போய், இந்த வருஷம் குதிரை வேண்டாம், டாக்டர் பாக்கணும் என்று சொன்னாராம். மற்ற இரண்டு பேரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சரி, எத்தனை பேர் ஓடறாங்க என்று கேட்டாராம் பிரேக். அந்த ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் அத்தனை பேரையும் வரிசையாக எடுத்துக்கொண்டு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உன் அத்தை வேறு போன் போட்டு, வாசல் போர்டில் பெரிதாகப் போட்டோ இருக்கிறதே அந்த டாக்டர்தான் பெஸ்ட், பேசாமல் அவரிடம் போங்கள் என்று உன் அப்பாவிடம் அடித்துச் சொன்னாள். அவள் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போவதுதான் உன் அப்பாவின் பிறவிக் குணம், ஆனாலும் நியாயமாக விசாரித்தார்கள். போட்டோ டாக்டர் வெளிநாட்டில் இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாராம். ரெஸ்ட்ல இருந்து வர்ற குதிரை, முதல் ஓட்டத்துல நம்பக் கூடாது என்று சலூன்காரர் அவரை வெட்டிவிட்டார். இன்னொருத்தர் காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மதியம் ஒரு ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஒரு ஆஸ்பத்திரி என்று பறக்கிறவராம், ஒரே வாரத்துல மூணு ரேஸ் ஓடற குதிரை கடைசில நாக்கைத் தள்ளிடும் என்று பிரேக் அவரை வெட்டினார். நான் தோசைக்கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், ஏங்க என் நெஞ்சைத்தானே திறக்கப்போறாங்க, கூட்டாளி மூணு பேரும் சேர்ந்து லாயமா வைக்கப்போறீங்க என்று கேட்டேன், மூன்று பேரும் அடுத்த டாக்டருக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு மேல்தான் கூத்து. ரேஸ் தொடங்குமுன் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள், அதற்கு பேடாக் என்று பெயர், எவ்வளவு படித்தாலும் அந்த நடையைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது என்பது இவர்கள் வேதம். வியர்த்திருக்கிறதா, காது நிமிர்ந்திருக்கிறதா, காலைச் சிக்கில்லாமல் வைக்கிறதா என்று பார்ப்பார்கள். டாக்டர்களை யார் வட்டத்தில் நடத்திக் காட்டப்போகிறார்கள், அதனால் இவர்களே இதய வார்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பிரேக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பார்த்த நர்ஸ் பதறிப்போய் அவரைப் படுக்கையில் போட்டு உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிவிட்டாள். பார்த்தால் நிஜமாகவே பிரஷர் எகிறியிருக்கிறது. உளவு பார்க்கப் போன மனிதர் மாத்திரைச் சீட்டோடு திரும்பி வந்தார், இப்போது உப்பில்லாமல் சாப்பிடுகிறார், எல்லாம் உங்களாலதான் என்று என்னைக் கோபித்துக்கொள்கிறார். கடைசியில் ஒருத்தரைக் கண்டுபிடித்தார்கள். உயரம், அளவான நடை, வெள்ளைக் கோட்டில் ஒரு கசங்கல் இல்லை, யார் எதிரில் ஓடினாலும் பதறாத முகம், விரல்களில் நடுக்கமே இல்லையாம், லிஃப்ட் பட்டனைக்கூடப் பூ பறிக்கிற மாதிரி அழுத்துகிறாராம். அவர் போகிற இடமெல்லாம் மூன்று பேரும் போனார்கள், கேன்டீனில் அவர் டீயைச் சிந்தாமல் தூக்குவதைப் பார்த்து உன் அப்பா கண் கலங்கினாராம், சலூன்காரர் சொன்னார். மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தி, சார், என் சம்சாரத்துக்கு நீங்கதான் ஆபரேஷன் பண்ணணும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சார், நான் ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பண்ண வந்த கம்பெனி ஆளுங்க, மெஷினைத்தான் திறப்பேன் என்றார். நெஞ்சு வலிக்கும் வரை சிரித்தேன், அந்த வலி எந்த வலி என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது இவர்கள் வரிசையிலேயே இல்லாத ஒரு டாக்டரம்மா. குள்ளம், அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று நிபுணர்களின் கண்ணிலும் அவர் படவே இல்லை. உன் அப்பா முகம் தொங்கிப்போய்த்தான் உள்ளே வந்தார், இருந்தாலும் பழக்கம் விடுமா, உட்கார்ந்ததும், இந்த வருஷம் இதே ஆபரேஷன் எத்தனை பேருக்குப் பண்ணினீங்க, எத்தனை பேர் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க என்று குதிரையைக் கேட்பது போலக் கேட்டார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை பேர் என்று சொன்னார், எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க, ரெண்டு பேர் மட்டும் போகல, ஒருத்தருக்கு ஏற்கனவே ரொம்ப முத்தியிருந்துது, இன்னொருத்தருக்கு ஏன்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் என்றார். போட்டோ டாக்டரிடமும் ஒரு நாள் போயிருந்தோம், உன் அத்தையின் வாய்க்குப் பயந்துதான், அவர் என் தோளைத் தட்டி, கவலையே படாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார், அன்றிரவு முழுக்க நான் கவலைப்பட்டேன். வீட்டுக்குப் போகாத இரண்டு பேரைப் பற்றி இந்த அம்மா சொன்னார், அதற்கப்புறம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இத்தனை வருடம் நான் கேலி செய்த கேள்வியைத்தான் உன் அப்பா கேட்டார், அதைவிட நல்ல கேள்வி என்னிடம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், அவரிடம் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெளியே வந்ததும், உருவம் சின்னதா இருக்கறதுதான் நல்லது, ஜாக்கின்னா அப்படித்தான் இருக்கணும் என்றார், என்னமோ இவரே தேடிப் பிடித்த மாதிரி.

பெரிய ரேஸ் போன ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. எது ஜெயித்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன், அன்று அவர் பாத்ரூம் குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார், இப்போது அது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. வேறு விசேஷம் இல்லை. நீ காலையில் வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளை செய்கிற சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிடு, செய்கிறாரே அதுவே பெரிது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே, எங்கள் போனாக இருந்தாலும்.

உன்னை வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். லீவு கிடைக்காது, அலைச்சல், இங்கே வந்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று அடுக்கி வைத்திருந்தேன். நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சும்மா வம்புக்கு, என் மேல எவ்வளவு கட்டலாம், சொல்லுங்க என்று உன் அப்பாவைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் எந்தக் குதிரையையும் இது நிச்சயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை, ஊரே ஜெயிக்கும் என்று சொல்கிற குதிரையைக்கூட, வளைவுல கால் தடுக்கினா என்ன பண்ணுவ என்பார், அப்படிச் சொல்வதுதான் அவருக்குப் பெருமை. நேற்று என் முகத்தைப் பார்க்காமலே, நீ நிச்சயம், இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல என்று சொல்லிவிட்டு, நான் துடைத்து வைத்த தட்டையே எடுத்து மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது மகளே, ஆனால் எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், அத்தனை மணி நேரமும் முழித்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கப்போவது அவர்தான். சலூன்காரரும் பிரேக்கும் கூட இருப்பார்கள், நல்ல மனிதர்கள், ஆனால் அவர்கள் முன்னால் இவர் அழமாட்டார். நீ வா.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், அது போதும் எனக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், நீயாகக் கிளம்பி வந்ததாகவே இருக்கட்டும். வாசலில் உன்னைப் பார்த்ததும், யார் உன்னை வரச் சொன்னது என்று கத்துவார், கத்தட்டும். கத்தி முடித்ததும் உன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடப்பார், அவசரப்பட்டு எட்டிப் போய் அவர் முகத்தைப் பார்த்துவிடாதே, கொஞ்சம் பின்னாலேயே வா.

உன் அம்மா