எந்த விளையாட்டு யாருக்கு

இன்று முற்பகல் அலுவலகத்தில் மின்சாரம் நின்றுபோனது. பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். மண்ணெண்ணெய்ப் புகை யன்னல் வழியாக உள்ளே வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைச் சாத்தச் சொன்னார்கள். நான் மட்டும் கதிரையை யன்னலோடு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். அந்தப் புகையோடு கொஞ்சம் சூடான பிளாஸ்ரிக் மணமும் கலந்திருந்தால் அது அப்படியே நம்முடைய கணினி வகுப்பின் மணம். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ வாசிக்கப் போவதில்லை என்பது தெரியும். ஆனாலும் உன்னிடம்தானே இதைச் சொல்ல முடியும்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், மாடியில், வெயில் நேரே அடிக்கும் அந்த ஒற்றை அறை நினைவிருக்கிறதா? முதலாளி கொழும்பில் இருந்தார். பகலில் நாம் இரண்டு டீச்சர்மாரும் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் கணக்குப் போடவும் சொல்லிக் கொடுத்தோம். வகுப்பு முடிந்ததும் வேறொரு கூட்டம் வரும். விளையாட வருகிறவர்கள். ஊரடங்கு, சோதனை, சுற்றிவளைப்பு என்று இருந்த அந்த யுத்த நாட்களில் திருகோணமலையில் பொழுதுபோக்கப் போவதற்கு வேறு இடம் அதிகம் இருக்கவில்லை. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீடிகள் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேரும். அவற்றில் பாதி, ஆள் ஒரு வேடம் பூண்டு, காடும் குகையும் நகரமும் திரிந்து, வாளோ மந்திரமோ பழகி முன்னேறுகிற ஆர்.பி.ஜி. வகை. நமக்கு அதுதான் பைத்தியம்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நல்ல கேம் எது? நான் உடனே எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவேன். நீ சொல்லமாட்டாய். அந்த ஆளைப் பக்கத்தில் இருத்தி, என்ன வேலை, வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்குக் கோபம் வரும் என்றெல்லாம் விசாரிப்பாய். பெண் பார்க்க வந்தவர்கள் கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள். "கேமைப் பார்த்துச் சொல்லக் கூடாது, ஆளைப் பார்த்துச் சொல்ல வேணும்" என்பது உன் கொள்கை. நான் சிரிப்பேன். ஆனால் நீ சொன்னது பிழையாகிப்போனதை நான் கண்டதில்லை.

சந்தையில் மீன் விற்ற அந்த மனிதரை நினைத்துப் பார். எதையும் பொறுக்கமாட்டார், வாயைத் திறந்தால் சண்டை. அவருக்கு நீ கொடுத்தது, நாம் ஒரு அடி வைத்தால் எதிரி ஒரு அடி வைக்கிற, முறை பார்த்து ஆடும் விளையாட்டு. "ஒருக்காலாவது யோசிச்சுப்போட்டு அடிக்கட்டும்" என்றாய். இரண்டு கிழமையில் அவர் நாடியில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அரசாங்கக் கச்சேரியில் நாள் முழுக்க மற்றவர்களின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதிக் களைத்து வந்த லிகிதருக்கு, ஒருவரோடும் பேசாமல் சுவர் ஓரமாகப் பதுங்கிப் போகும் திருடன் வேடம். அவர் அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை.

எனக்கு? நான் எப்போதும் கோடரி தூக்கும் வீரனைத்தான் எடுப்பேன். கண்டதும் அடி. எதிரில் நிற்பவர்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் விசையை அமுக்கி அதைத் தாண்டிவிடுவேன். நீ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாய், கேட்கவில்லை. கடைசியில் நாம் இருவரும் ஒரே கணினியில் ஒரே கூட்டமாக விளையாடத் தொடங்கினோம். வீரன் என்னுடையவன். வைத்தியக்காரியும் பூட்டு உடைக்கிறவளும் உன்னுடையவர்கள். அந்த விளையாட்டுக்கு நாம் வைத்த பெயர் வௌவால் கோட்டை. கோட்டைக்குக் கீழே தளத்துக்குக் கீழ் தளமாகப் பாதாள அறைகள், எல்லாம் ஒரே மாதிரிச் சுவர்கள். வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தோம். அதனால்தான் நீ சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் வரைபடம் போடத் தொடங்கினாய். ஒரு கட்டத்துக்கு ஒரு அடி. அன்புவழிபுரத்தில் உன் மாமி வீட்டு அறையில் இருந்து வரைந்து, வடிவாக நிறமும் தீட்டுவாய்.

அந்த வரைபடம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அது ஒரு சனிக்கிழமை காலை. உன் மாமி வீட்டில் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு இருவரும் சைக்கிளில் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தோம். வழமையான சோதனைச் சாவடிதான். வழமையாகப் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அன்று பையைப் பார்த்த பெண் அந்தத் தாளை வெளியே எடுத்து விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். உன் அழகான கையெழுத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. மேலே, கோட்டை, கீழ்த்தளம். பிறகு, இந்த இடத்தில் காவல் நான்கு பேர். இங்கே பொறி, கவனம். இரகசியக் கதவு. ஆயுத அறை. ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, பின்வாசல், கடலுக்குப் போகும்.

திருகோணமலையில், கடலைப் பார்த்தபடி உண்மையான கோட்டை ஒன்று இருக்க, அதற்குள் படையினர் இருக்க, நாம் இதைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்திருக்கிறோம். பொலிஸ்காரர் வாசிக்க வாசிக்கத்தான் எனக்கே அது விளங்கியது. அதற்குப் பிறகு உன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஈச்சிலம்பற்று என்று இருந்தது. அந்தப் பக்கம் அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதிகாரி அட்டையைத் திருப்பித் தரவில்லை. இருவரையும் மர வாங்கில் இருக்கச் சொன்னார்.

யார் வரைந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நான்தான் சேர் வரைஞ்சனான். அவவுக்கு இதில ஒண்டும் இல்லை." இது எந்தக் கோட்டை என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கோட்டை என்றாய். அவர் பொலிஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார், அவர் பிழையாக மொழிபெயர்த்துவிட்டாரோ என்பது போல. நீ மறுபடியும் சொன்னாய். காவல் நிற்பவர்கள் எலும்புக்கூடுகள் என்றாய். அது நிலைமையைச் சரியாக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். நீ எழுந்து நின்று, "வாங்கோ சேர், வகுப்பு கிட்டத்தான். நேர காட்டுறன். பொய்யெண்டால் பிறகு நீங்கள் என்னவும் செய்யுங்கோ" என்றாய்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜீப்பில் ஏற்றினார்கள். வீதியில் தெரிந்த முகங்கள் எல்லாம் நம்மைப் பார்த்ததும் மறுபக்கம் திரும்பின. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க ஏலாது. உன் கை என் கைக்குள் இருந்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

கணினி எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று அது அதைவிட மெதுவாக எழும்பியது. அதிகாரி உனக்குப் பின்னால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொலிஸ்காரரும், துவக்கோடு ஒரு இளம் சிப்பாயும் அவருக்குப் பக்கத்தில். நான் சுவரோடு. திரையில் நம்முடைய மூன்று பேரும் கோட்டைக்குள் இறங்கினார்கள். நீ ஒவ்வொரு கட்டமாக நடத்திக்கொண்டு போனாய். அவர் விரலைத் தாளில் வைத்து உன் பின்னாலேயே வந்தார். முதல் நடைபாதை. சரி. வலப்பக்கம் திரும்பியதும் நான்கு எலும்புக்கூடுகள். விரலால் எண்ணினார். சரி. ஆனாலும் முகம் இளகவில்லை. இன்னும் ஏதாவது இருக்கலாம் என்பது போலத்தான் நின்றார்.

"இனி பொறி வரும் சேர், பாருங்கோ" என்று நீ சொன்னாய். பொறிக்குப் பக்கத்தால் போக வழி இருந்தது. நாம் எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறோம். ஆனால் அவருக்குக் காட்ட வேண்டும் என்று நீ நேரே அதன் மேல் ஏறினாய். உன்னுடைய இரண்டு பேரையும் பின்னால் விட்டுவிட்டு, என் வீரனை முன்னால் அனுப்பினாய். தரை பிளந்தது. அவன் போய்விட்டான்.

எனக்கு எல்லாம் மறந்துபோனது. அதிகாரி, துவக்கு, ஜீப், ஒன்றும் நினைவில் இல்லை. மூன்று மாதம் வளர்த்த ஆள் அவன். "ஏன்டி என்ர ஆளைக் கொண்டனீ? உன்ர ஆக்களை அனுப்பியிருக்கலாம்தானே?" என்று உன் முதுகில் அடித்துவிட்டேன். நீயும் திரும்பி, உன்னுடைய வைத்தியக்காரி செத்தால் பிறகு யார் அவனை எழுப்புவது என்று என்னோடு சண்டைக்கு வந்தாய்.

பிறகுதான் அறை அமைதியாக இருப்பதைக் கவனித்தோம். அதிகாரி பொலிஸ்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் நாம் போட்ட சண்டையை ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொன்னார். அதிகாரியின் வாயோரம் அசைந்தது. அந்த இளம் சிப்பாய் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான், தோள்கள் குலுங்கின. அப்படி ஒரு கோபத்தை நடிக்க முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். இனிமேல் எந்தக் கோட்டையையும் தாளில் வரையக் கூடாது, எலும்புக்கூட்டின் கோட்டையாக இருந்தாலும் கூடாது என்று சொன்னார். வரைபடத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கீழே தேத்தண்ணீர்க் கடையில் போய் இருந்தோம். நீ கோப்பையைத் தூக்கினாய். குடிக்காமலே திரும்ப வைத்தாய். "நான் பயப்படேல்லையெண்டு நினைச்சனியோ?" என்று கேட்டாய். பிறகு அழுதாய், பிறகு சிரித்தாய், பிறகு இரண்டு வடை சாப்பிட்டாய். என் வீரனைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

கிழமைகள் கழித்து ஒரு பகலில் சாதாரண உடுப்பில் ஒருவன் மாடியேறி வாசலில் தயங்கி நின்றான். முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தச் சிப்பாய். நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். அவன் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அக்கா, அண்டைக்குப் பாத்த கேம். எனக்கும் ஏலுமா?" என்றான். நான் வௌவால் கோட்டையை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

அவனையும் பக்கத்தில் இருத்தினாய். அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாக விசாரணை நடந்தது. ஊர் கந்தளாய்ப் பக்கம். தகப்பனுக்கு வயல். படைக்கு வந்த பிறகு ஒரு விதைப்புக்கும் வீட்டில் இருந்ததில்லையாம். நீ அலுமாரியின் அடித்தட்டில் தேடி, யாரும் தொடாமல் கிடந்த ஒரு சீடியை எடுத்தாய். ஒரு தீவு, ஒரு துண்டு நிலம், ஒரு குடில். விதைக்க வேண்டும், தண்ணீர் விட வேண்டும், அயலவர்களோடு பழக வேண்டும். அவ்வளவுதான். நான் உன்னைப் பார்த்தேன். "அவருக்கு நாள் முழுக்கத் துவக்குத்தானே. இதில துவக்கு இல்லை" என்றாய்.

லீவு கிடைக்கும் போதெல்லாம் அவன் வந்தான். மீன்காரருக்கும் லிகிதருக்கும் நடுவில் இருந்து பூசணிக்கொடிக்குத் தண்ணீர் விட்டான். ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டுத் தன் முதல் அறுவடையைக் காட்டினான். மீன்காரர் போய்ச் சமோசா வாங்கிவந்தார். பிறகு அவன் வரவில்லை. மாற்றமாகிப் போனானோ, என்ன நடந்ததோ, கேட்கவும் வழியில்லை. கணினியில் இடம் போதாமல் மற்றவர்கள் சேமித்து வைத்ததையெல்லாம் அழித்தோம். அவனுடைய தோட்டத்தை மட்டும் நீ அழிக்க விடவில்லை. வகுப்பை மூடும் வரை அது அப்படியே இருந்தது.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலம். நீ கலியாணம் முடித்து, நான் முடித்து, யுத்தம் முடிந்து, பிள்ளைகள் வளர்ந்து, நாம் மட்டும் விளையாட்டை விடவில்லை. தொலைபேசியில் மணிக்கணக்காக நாம் கதைத்தது குடும்ப விசயம் என்றுதான் உன் கணவர் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க ஏலாமல், அடுத்து நான் எதைத் தொடங்கட்டும் என்று கேட்டேன். வழமை போல நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"தனியாப் போற கேம் ஒண்டை எடு" என்றாய். "இவ்வளவு நாளும் ஆக்களோடதானே போனனீ."

எனக்குக் கோபம் வந்தது. பழத்தை உன் கையில் வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "கோபிக்காதை. அதிலயும் வழியில நிறைய ஆக்கள் வருவினம். தட்டிப்போட்டு ஓடாமல் நிண்டு கதை குடுத்துப் பார், கதைப்பினம்" என்றாய்.

உன்னைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு வந்து பல மாதம் நான் கணினியைத் திறக்கவில்லை. மாரி மழை தொடங்கிய பிறகுதான் திறந்தேன். நீ சொன்ன விளையாட்டைத்தான் எடுத்தேன். நீளமான பயணம், ஒரே ஒரு ஆள், பெரிய வெளி. முதல் ஊரில் ஒரு கிழவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். கை பழக்கத்தில் பேச்சைத் தாண்டும் விசைக்குப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். அவன் சொன்ன முழுவதையும் வாசித்தேன். அடுத்த ஊரில் அடுத்தவர். இப்போது ஏழெட்டு ஊர் கடந்துவிட்டேன், ஒருவரையும் தட்டிவிட்டுப் போகவில்லை. விளையாட்டுக்கு வெளியிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம், மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களிடம், நானாகத்தான் வாயெடுக்கிறேன்.

கதைக்கிறார்கள். நீ சொன்னபடியே, கதைக்கிறார்கள்.