ஜெயாக்காவின் கச்சான் பிஸ்கட்

கேட்டைத் திறக்கும்போதே "தர்ஷி, தண்ணி கொதிக்குதா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வரும் என் ஜெயாக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு வரும் முதல் தீபாவளி இது. ஸ்கூடாயில் நம் தாமான் வீடுகள் முழுக்க நெய் வாசம். உங்கள் வீட்டு ஓவனை மட்டும் யாரும் இன்னும் தொடவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடமாக என் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்தது என்ன?

இப்படிக் கேட்பேன் என்று நானே நினைத்ததில்லை. கவினுக்கு நிலக்கடலை, அதான் கச்சான், ஆகாது என்பது உங்கள் வீட்டில்தான் தெரிய வந்தது. நீங்கள் சுட்ட கச்சான் பிஸ்கட்டில் ஒரே ஒரு கடி. உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஸ்கூடாய் நெரிசலில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிவரை ஓட்டியது நீங்கள்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு டப்பாவோடு வந்தீர்கள். "கச்சான் இல்லடி. பொட்டுக்கடலையும் எள்ளும் வறுத்து அரைச்சது. மோந்து பாரு, ஏமாந்துருவ."

ஏமாந்தேன். அப்படியே கச்சான் வாசம். அதற்குப் பிறகு கவின் வெளியார் கையால் சாப்பிட்ட பலகாரம் அது ஒன்றுதான். பாக்கெட்டின் பின்பக்கத்தை மூன்று மொழியிலும் படிக்கிறவள் நான். உங்களிடம் மட்டும் எதையும் கேட்டதில்லை.

போன வாரம் உங்கள் தங்கை வசந்தியக்கா ஒரு டின்னோடு வந்தார். உங்கள் பலகார ஆர்டர்களை இப்போது அவர்தான் எடுத்துச் செய்கிறார்.

"கவினுக்குக் குடு. அக்கா செய்யற அதே பிஸ்கட்."

"கச்சான் போடலதானேக்கா?"

"என்னா கேள்வி இது? கச்சான் போடாம கச்சான் பிஸ்கட்டா? நம்ம குரூப்புல அக்காவே போட்ட ரெசிப்பி லா. இவன் இதைத்தானே சாப்ட்டுக்கிட்டு இருந்தான்?"

அதற்குள் கவின் மூடியை நெம்ப ஆரம்பித்திருந்தான். பிடுங்கினேன். அவன் அழுதான். வசந்தியக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன, விஷமா வெச்சிருக்கேன்?" என்று எழுந்து போனார்.

வாட்ஸ்அப்பில் நம் பலகாரக் குழுவைத் திறந்து மேலே மேலே தள்ளினேன். இருந்தது. உங்கள் பெயரில். 'வறுத்த கச்சான், தோல் நீக்கியது, இரண்டு கப்.' கவினை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்குப் பிறகு போட்டது.

எனக்குப் பொட்டுக்கடலை. குழுவுக்குக் கச்சான். எங்களில் யாரிடம் பொய் சொன்னீர்கள்?

நம் குழுவில் யாரும் செய்முறையை முழுதாகத் தருவதில்லை என்பது எனக்குத் தெரியும். அளவு சொல்வார்கள், சூடு சொல்வார்கள், ஒரு சாமானை மட்டும் விழுங்கிவிடுவார்கள். "முழுசா குடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட யாரு ஆர்டர் குடுப்பா?" என்று சிரித்தவரே நீங்கள்தான். ஆனால் ஒன்றை விடுவது வேறு, இல்லாததைச் சேர்ப்பது வேறு இல்லையா?

மனம் எங்கெங்கோ போனது, அக்கா. 'கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்குனா சரியாயிடும்' என்று என் மாமியார் முதல் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டிவரை எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்தீர்களா? என்னிடம் சொல்லாமல் என் பிள்ளையைப் பழக்கினீர்களா? அப்படியே பொட்டுக்கடலைதான் என்றாலும், ஆர்டருக்குக் கச்சான் அரைத்த அதே மிக்ஸியில்தானே இதையும் அரைத்திருப்பீர்கள்? செத்துப்போனவரைச் சந்தேகப்படுவது பாவம் என்று தெரிந்தும், உங்கள் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வசந்தியக்காவை இழுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போனேன். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கச்சானா?" என்றார். "கவின் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே வீட்ல இருந்ததெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சும்மா. மிக்ஸியும் புதுசு. நானே கச்சான் தின்னணும்னா தே தாரேக் டீக்கடையிலதான். வாயக் கொப்புளிச்சு, கை கழுவுனாத்தான் கதவத் திறப்பா. மழையில கூட நிக்க வெச்சிருக்கா உங்கக்கா."

"அப்ப ஆர்டருக்குப் போனது?" என்றார் வசந்தியக்கா.

"எல்லாம் பொட்டுக்கடலைதான். கச்சான் பிஸ்கட்னு பேரு. யாருமே கண்டுபிடிக்கல."

வசந்தியக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அலமாக்! 'உங்கக்கா கைப்பக்குவம் வரல'ன்னு நாலு பேரு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்களே! எனக்கே ஒரு வார்த்த சொல்லலியே அவ!"

எனக்கும்தான் சொல்லவில்லை. ஏன், அக்கா? சொன்னால் கூச்சப்பட்டு அந்த டப்பாவை வாங்கமாட்டேன் என்றா? கச்சான் இல்லை என்று தெரிந்தால் ஆர்டர் குறையும் என்றா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசிவரை இருந்துவிட்டீர்களா?

வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றியா, கோபமா, தெரியவில்லை. என் பிள்ளைக்காக ஊரையே ஏமாற்றியிருக்கிறீர்கள். அந்த ஏமாற்றுதான் வசந்தியக்கா கையால் சிவப்பு மூடி போட்ட டின்னாக என் வீட்டுக்குள் வந்தது. அன்று நான் குளித்துக்கொண்டு இருந்திருந்தால்?

நேற்று வசந்தியக்கா மறுபடி வந்தார். வெளிக்குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். பொட்டுக்கடலையையும் எள்ளையும் என் சட்டியில் வறுத்து, என் மிக்ஸியில் அரைத்தார். அரைத்த மாவை நான் மோந்து பார்த்தேன். பொட்டலத்தைத் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "பாத்துக்க, நல்லாப் பாத்துக்க," என்றார். இந்த முறை முகம் சுருங்கவில்லை. கவின் நான்கு தின்றான். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தைக் குழுவில்தான் போடப் போகிறேன், உங்கள் செய்முறையோடு, எதையும் விழுங்காமல். வசந்தியக்கா சரி என்றுவிட்டார். ஆர்டர் போனால் போகட்டுமாம்.

உங்களுக்கு ஒரு வாக்கு, அக்கா. இனி கவினுக்கு யார் எதைக் கொடுத்தாலும், உங்கள் பெயரைச் சொல்லியே கொடுத்தாலும், அவன் வாய்க்குப் போகும் முன் கேட்பேன். முகம் சுருங்கினாலும் கேட்பேன். கேட்காமலே வாங்கிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
கவினின் அம்மா தர்ஷினி