என் பெயரில் நீ எழுதிய கதைகள்

என் பெயரை இரவல் வாங்கித் திருப்பித் தராமலே போய்விட்ட அன்பு அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது தினமும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வேலையைப் பார்க்கிறேன். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவது உன் வேலை, எனக்கு இது பழக்கமில்லாதது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் சேதி. நம் தீவிலிருந்து பட்டர்வொர்த் கரைக்குப் போகும் பெர்ரி இப்போதும் ஓடுகிறது. மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து நீ கதை எழுதுவாயே, இப்போது அங்கே எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தபடி இருக்கிறார்கள். போன மாதம் ஜுருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தட்டைச் சுமந்துகொண்டு ஓர் இயந்திரம் வந்தது. வழிவிடச் சொல்லி மலாயில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசியது. எல்லாரும் அதைப் படம் பிடித்தார்கள். அதற்குப் பின்னாலேயே ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இதைத்தானே நீ ஆயுசு முழுக்க எழுதினாய்? "ராக்கெட்ட யாரு ஓட்டுறான்னு எல்லாரும் எழுதுறான். அதுல கக்கூஸ் யாரு கழுவுறான்னு எவனாச்சும் எழுதுறானா?" என்று கேட்பாய். உன் சந்திரனில் சுரங்கம் இருக்கும், சுரங்கத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் போலவே வரிசையாக லயத்து வீடுகள் இருக்கும், தண்ணீர்க் குழாயடியில் நம் பெண்கள் சண்டை போடுவார்கள். கடல் ஏறி வந்து இந்தத் தீவை விழுங்கும்போது பணக்காரர்கள் கொடிமலைக்குப் போய்விடுவார்கள், நம் ஆட்கள் கடைசி பெர்ரிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பார்கள். எதிர்காலம் வந்தாலும் நமக்கு வரிசையில்தான் இடம் என்பது உன் கட்சி. உனக்கு இதைவிட நல்ல எதிர்காலம் ஒன்றுகூடத் தோன்றவில்லையா?

உன் இரங்கல் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலக்கியச் சங்கம்தான் நடத்தியது. மேடையில் உன் படம் பெரிதாக, மாலையோடு. உன் தங்கை நான் மூன்றாவது வரிசையில். செயலாளர் சரவணன் குனிந்து வந்து, "அக்கா, நீங்க அண்ணனோட தங்கச்சிதானே? வந்தவங்களுக்குத் தேத்தண்ணி பத்துமான்னு கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். பத்தவில்லை. இன்னொரு குடம் போடச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"தனபாலன் நல்ல மனுசன் லா. யார் மனசும் நோக நடக்க மாட்டாரு. நிறைய எழுதினாரு. செவ்வாய் கிரகத்துல தைப்பூசம் கொண்டாடுற கதைய யாரும் மறக்க முடியாது. ஆனா உண்மையச் சொல்லணும்னா, ஆழம் பத்தல. நம்ம நாட்டுல அறிவியல் கதைன்னா அது காந்திமதிதான். 'நீல அட்டை'ன்னு ஒரு கதை. நான் நடுவரா இருந்த போட்டியில முதல் பரிசு. அதே போட்டியில தனபாலனுக்கு ஆறுதல் பரிசு. அந்தம்மாகிட்ட கத்துக்கச் சொல்லி அப்பவே இவருகிட்ட சொன்னேன். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியல."

கூட்டம் கை தட்டியது. நான் உன் படத்தைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அது பழைய படம், எப்போதும் சிரிப்பதுதான். ஆனாலும் எனக்கு எழுந்து வந்து அதைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

இந்தக் கடிதத்தை வெளியார் படிக்கும்போது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஞாயிறு மலரில் ஒரு பெயருக்கு ஒரு கதைதான் போடுவார்கள். அடுத்த கதைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உனக்கோ பெர்ரி கரை சேர்வதற்குள் ஒரு கதை வந்துவிடும். அதனால் எல்லா எழுத்தாளர்களும் செய்ததைத்தான் நீயும் செய்தாய். சிலர் மனைவி பெயரில் எழுதினார்கள், சிலர் பிறக்காத பிள்ளையின் பெயரில் எழுதினார்கள். நீ கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வீட்டில் கைக்கு எட்டிய பெயர் என்னுடையதுதான். பட்டர்வொர்த் தபால் நிலையத்தில் போட்டு, 'காந்திமதி, பட்டர்வொர்த்' என்று அனுப்பிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நல்ல பிள்ளைக் கதைகளுக்கெல்லாம் உன் பெயர். கசப்பான கதைகளுக்கு என் பெயர். "ஆம்பள எழுதினா சண்டைக்கு வரான். பொம்பள எழுதினா பாவம்னு விட்டுர்றான்," என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாய்.

யாரும் பாவம் என்று விடவில்லை அண்ணே. சுங்கைப்பட்டாணியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்களே, நினைவிருக்கிறதா? பையன் அரசாங்க வேலை. பூ வைக்க நாள்கூடப் பேசியாகிவிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. தரகர்தான் வந்து அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணு பேப்பர்ல குடியுரிமைக் கார்டு விசயமா எழுதுதாம் லா. பையன் கவர்மெண்டு ஆளு, நமக்கு எதுக்கு வம்புன்னு பயப்படுறாங்க." நான் எங்கே எழுதினேன் என்று கேட்டதற்கு, "பேரு காந்திமதி, அண்ணன் எழுத்தாளன், வேற யாரு எழுதியிருப்பா?" என்றார். ஒரு கல்யாணத் தரகருக்குத் தெரிந்த கணக்கு, இலக்கியச் சங்கத்துக்கு இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

அன்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அழுதுகொண்டு உன்னிடம் வந்தேன். நீ என்ன சொன்னாய்? "அந்த மாப்பிள்ள வீட்டுக்காரனுக்குக் கதை சரியாப் புரிஞ்சிருக்கு பாரு," என்று சந்தோஷப்பட்டாய். அதற்குப் பிறகாவது என் பெயரை விட்டாயா? நிறுத்தச் சொன்னேன். சரி சரி என்றாய். போட்டிக்கு 'நீல அட்டை'யை என் பெயரில்தான் அனுப்பினாய், கூடவே உன் பெயரில் இன்னொன்று. என் பெயருக்கு வந்த பரிசையும் தபாலிலேயே வாங்கிக்கொண்டாய். எனக்கு அடுத்த இடம் அமையவில்லை. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றுவிட்டேன். நீ நல்ல மனுஷன் என்று தலைவர் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

தலைவர் பேசி முடித்ததும் சரவணன் பேனாவோடு வந்தார். "அக்கா, நன்றியுரையில உங்க பேரும் வரணும். பேரு என்னா?"

"காந்திமதி."

எழுதப் போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றியுரையில் என் பெயர் வரவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே தலைவரும் அவரும் பழக் கூடையோடு ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"இத்தன நாளா நம்ம பக்கத்துலயே இருந்திருக்கீங்க, எங்களுக்குத் தெரியலயேம்மா," என்றார் தலைவர். அவருக்குக் கண் கலங்கியே விட்டது. சங்கத்து விழாவில் எனக்குப் பொன்னாடை, விருது, என் பெயரில் ஒரு தொகுப்பு, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் வந்து வெளியிடுவார் என்று அடுக்கிக்கொண்டே போனார். நாட்டின் முதல் பெண் அறிவியல் எழுத்தாளராம். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரு வரிகூட எழுதியவள் இல்லை, எல்லாம் நீதான் என்று சொன்னேன்.

சரவணன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலைவர்தான் வாயைத் திறந்தார்.

"இது வெளிய போனா யாருக்கும்மா நல்லது? ஒரு ஆளுக்கு ஒரு கதைன்னு போட்டி வெச்சோம். ரெண்டு பேருல அனுப்பி ரெண்டு பரிசு வாங்கியிருக்காருன்னா, செத்தவரு பேரு என்ன ஆகும்? நடுவரா இருந்த என் பேரு என்ன ஆகும்? அவருக்குத்தான் இரங்கல் கூட்டம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே."

"ஆமாக்கா," என்றார் சரவணன். "பத்திரிகைக்குச் செய்தி வேற குடுத்தாச்சி. நீங்க சும்மா வந்து பொன்னாடைய வாங்கிக்குங்க. மேடையில பேசக்கூட வேணாம்."

"'நீல அட்டை'யில வர்ற கிழவரு யாருன்னு தெரியுமா சார்?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"கற்பனைதானம்மா."

"எங்க அப்பா."

அவர் பழக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து அதோடேயே செத்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஊர்ச் சாக்கடையெல்லாம் அப்பா கை பட்டது. நீல அட்டைக்காக, அதாவது குடியுரிமைக்காக, மலாய்ப் பரீட்சைக்குப் போய் ஒவ்வொரு முறையும் தோற்றுத் திரும்பி வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். உன் கதையில் கிழவர் ஓர் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறார். நல்ல சேவைக்காக அந்த இயந்திரத்துக்கு நீல அட்டை கொடுத்து அதிகாரியாக உட்காரவைக்கிறார்கள். பிறகு கிழவருக்குப் பரீட்சை வைக்க வருவது அதே இயந்திரம். அவர் தோற்றுவிட்டார் என்று அது எழுதுகிறது. அவரும் தலையாட்டிவிட்டு, கிளம்புமுன் அதன் கழுத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போகிறார். அந்த இடத்தை நான் இன்றுவரை முழுசாகப் படித்து முடித்ததில்லை.

தலைவர் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் உன்னைப் போட்டியில் ஏமாற்றியவன் என்பார்கள். சொல்லாவிட்டால் நீ ஆழமில்லாத நல்லவன், செவ்வாயில் காவடி தூக்கியவன். உன் கதைகளை நான் பொன்னாடை போர்த்திக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நீ என் பெயரை எடுத்தாய், பதிலுக்கு நான் உன் எழுத்தை எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? ஒரு நாள் மதியம், ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுகூட நினைத்தேன். அந்தக் கதைகளுக்கு விலை கொடுத்தவள் நான்தானே?

ஆனால் அந்த மேடையில் டத்தோ பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் கதையை எழுதியவள் நான் என்று சிரிக்க என்னால் முடியாது. அப்பாவிடம் கற்றுக்கொண்டு அவர் அட்டையை வாங்கிக்கொண்ட அந்த இயந்திரம் மாதிரி நானும் ஆகிவிடுவேன்.

அதனால் உன்னை நான் காப்பாற்றப் போவதில்லை அண்ணே. ஏமாற்றியவன் என்று சொன்னால் சொல்லட்டும். நீ விதியை மீறினாய், அது தப்புதான். என்னிடம் செய்தது அதைவிடப் பெரிய தப்பு, அதையும் சொல்லட்டும். ஆனால் அதைச் சொல்லும் ஒவ்வொருவரும், 'நீல அட்டை'யை எழுதியவன் இவன்தான் என்றும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். நல்லவன் என்ற பெயர் உனக்கு வேண்டாம். அதைச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும்.

உனக்கென்று நான் எழுதும் இந்தக் கடிதம் நம் பழைய ஞாயிறு மலருக்குப் போகிறது. விழா நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை வரும். இப்போதிருக்கும் ஆசிரியர் இளம்பெண். படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "புனைபெயர் ஏதாச்சும் போடட்டுமா ஆன்ட்டி? பிரச்சினை வராம இருக்கும்," என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் புனைபெயர் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பிஸ்கட் டின்னில் அம்மா சேர்த்து வைத்த பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கசப்பான கதைகள் எல்லாம் ஒரே புத்தகமாக, அட்டையில் உன் பெயரோடு வரும். டத்தோ வரமாட்டார், பொன்னாடை இருக்காது, நாற்பது பேர்கூட வரமாட்டார்கள். தேத்தண்ணி மட்டும் தாராளமாக இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. இதற்குப் பதிலாக என் பெயரை என்னிடமே விட்டுவிடு. அதை வைத்து எழுத எனக்கும் ஒன்று இருந்திருக்கிறது, இன்றுதான் தெரிந்தது.

இப்படிக்கு,
இந்த ஒன்றை மட்டும் தானே எழுதிய
உன் தங்கச்சி காந்திமதி